பிரேமன் ராட்ஹவுஸ்: ஒரு பழைய ஜெர்மன் நகர மன்றத்தைப் பார்ப்பது எப்படி?

ஜெர்மனியில் பழைய ஊர் எதற்குப் போனாலும் நடுவில் ஒரு சந்தைச் சதுக்கம் இருக்கும். அதன் ஒரு பக்கம் பெரிய தேவாலயம். இன்னொரு பக்கம், அந்தத் தேவாலயத்துக்குக் கொஞ்சமும் சளைக்காத மிடுக்கோடு ஒரு கட்டடம் நிற்கும். கீழே வளைவுகள், மேலே உயரமான சன்னல்கள், சுவரெங்கும் சிலைகள், உச்சியில் முக்கோண முகப்பு. முதல்முறை பார்ப்பவர்கள் அதை ஏதோ அரண்மனை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே எந்த அரசனும் குடியிருந்ததில்லை. அது அந்த ஊரின் நகர மன்றம். ஜெர்மானியர்கள் ராட்ஹவுஸ் என்பார்கள். ஊரின் பெரிய வணிகர்கள் கூடி உட்கார்ந்து வரி போட்டதும், வழக்குகளைத் தீர்த்ததும், வெளியூர்த் தூதர்களுக்கு விருந்து வைத்ததும் அங்கேதான்.

சரி, நகர நிர்வாகம் நடத்தும் ஓர் இடத்துக்கு எதற்கு இத்தனை சிற்பம், இத்தனை பொன்பூச்சு? பணம் இருந்தது, கட்டினார்கள் என்று சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். அந்த ஊர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பல நூற்றாண்டுகள் தீராமல் இருந்தது. "இது எங்கள் ஊர், நாங்களே ஆள்வோம்" என்று நகரத்தார் சொல்ல விரும்பினார்கள். எழுத்தறிவு சிலரிடம் மட்டுமே இருந்த காலத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி அதைச் சொல்லக் கட்டடத்தைவிட நல்ல வழி கிடையாது. அந்தக் கோரிக்கை தெரிந்துவிட்டால், பழைய நகர மன்றத்தின் ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்பது தானாக விளங்கும்.

இதற்கு வட ஜெர்மனியின் பிரேமன் நகர மன்றத்தைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1405இல் கட்டத் தொடங்கிய கட்டடம் இன்றும் நிற்கிறது. இன்றும் அங்கிருந்தே ஆட்சி நடக்கிறது. 2004இல் யுனெஸ்கோ இதையும், இதன் முன்னால் நிற்கும் ரோலண்ட் சிலையையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நகரத் தன்னாட்சிக்குச் சிறந்த சாட்சி என்பது அதற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணம்.

பேராயரும் வணிகர்களும்

முதலில் கொஞ்சம் வரலாறு. இது இல்லாமல் மேலே போக முடியாது.

அந்தக் காலத்தில் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. புனித ரோமானியப் பேரரசு என்ற பெயரின் கீழ் நூற்றுக்கணக்கான ஆட்சிப் பகுதிகள் இருந்தன. சிலவற்றைப் பிரபுக்கள் ஆண்டார்கள். சிலவற்றை ஆயர்களும் பேராயர்களும் ஆண்டார்கள். பூசை நடத்துவதோடு அவர்கள் நிற்கவில்லை. நிலமும் படையும் வரி வசூலும் வைத்திருந்த ஆட்சியாளர்கள் அவர்கள். சில நகரங்கள் மட்டும் எந்தப் பிரபுவுக்கும் ஆயருக்கும் கட்டுப்படாமல் நேரடியாகப் பேரரசருக்குக் கீழே இருந்தன. இவை பேரரசின் சுதந்திர நகரங்கள். பேரரசர் எங்கோ தொலைவில் இருப்பார். எப்போதோ ஒருமுறை வருவார். ஆகவே அவருக்குக் கீழே இருப்பது என்றால், நடைமுறையில் தன்னைத் தானே ஆண்டுகொள்வது என்று அர்த்தம். ல்யூபெக் நகரத்துக்கு 1226லேயே அந்தப் பேறு கிடைத்துவிட்டது.

பிரேமனுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. வேசர் நதிக்கரையில் இருக்கும் இந்த ஊர் 787இல் ஆயரின் இருப்பிடமாக ஆனது. பிறகு பேராயரின் தலைமையிடம் ஆனது. ஊருக்கு அதிபதி பேராயர். நதி வழியாக வட கடலுக்குப் போய்வந்த வணிகத்தால் ஊர் செழித்தது. 1186இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா நகரத்தாருக்குச் சில உரிமைகளை எழுதிக்கொடுத்தார். 13ஆம் நூற்றாண்டில் நகரத்துக்கென்று ஒரு மன்றம் உருவாகிவிட்டது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் பணக்கார வணிகக் குடும்பத்தவர்கள். அப்புறம் பிரேமன் ஹன்சா கூட்டமைப்பிலும் சேர்ந்தது. வட கடலிலும் பால்டிக் கடலிலும் வணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருந்த நகரங்களின் கூட்டு அது.

1400 வாக்கில் நிலைமை இப்படி இருந்தது: ஏட்டளவில் ஊர் பேராயருடையது, கல்லாப்பெட்டி வணிகர்களிடம். இரண்டு தரப்பும் ஒரே சதுக்கத்தில் முகத்தோடு முகம் பார்த்தபடி வாழ்ந்தன. பேராயரின் தேவாலயமும் அவருடைய மாளிகையும் சந்தைச் சதுக்கத்தை ஒட்டியே இருந்தன. நகரத்தாருக்கு அதற்கு முன்பே ஒரு மன்றக் கட்டடம் சற்றுத் தள்ளி இருந்தது. அதைக் கைவிட்டுவிட்டு, பேராயரின் வாசலுக்குப் பக்கத்திலேயே, சதுக்கத்தின் வடக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்ட முடிவுசெய்தார்கள். இந்த இடத்தேர்விலேயே அவர்கள் சொல்ல வந்தது பாதி வந்துவிட்டது என்பேன்.

கல் ரோலண்ட்

கட்டடத்துக்கு ஓராண்டு முந்தியது அதன் முன்னால் நிற்கும் சிலை. அதைத் தாண்டிக்கொண்டு நேரே கட்டடத்துக்குப் போகிறவர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைத் தவறவிடுகிறார்கள்.

ரோலண்ட், பேரரசர் சார்லமேனின் வீரத் தளபதியாகக் கதைகளில் வருபவர். வட ஜெர்மனியின் பல ஊர்களில் சந்தை நடுவே ரோலண்ட் சிலை வைப்பது வழக்கம். உருவிய வாளோடு அவர் நின்றால், அந்த ஊருக்குப் பேரரசர் தந்த உரிமைகள் உண்டு என்று பொருள். பிரேமனில் முதலில் மரத்தால் ஆன ரோலண்ட் இருந்தார். 1366இல் பேராயரின் ஆட்கள் ஊருக்குள் புகுந்து அந்தச் சிலையை எரித்துவிட்டார்கள். ஊரைப் பிடித்ததும் சிலையைத் தேடிப்போய் எரித்தார்கள் என்றால், அந்தச் சிலை என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. சில வாரங்களிலேயே நகரத்தார் ஊரை மீட்டுக்கொண்டார்கள். 1404இல் மறுபடி ரோலண்டை நிறுத்தினார்கள். இந்த முறை கல்லில்.

சிலையின் உயரம் கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர். பின்னால் இருக்கும் தூணையும் தலைக்கு மேலுள்ள விதானத்தையும் சேர்த்தால் 10 மீட்டரைத் தாண்டும். கையில் வாள். மார்பை ஒட்டியிருக்கும் கேடயத்தில் பேரரசின் இரட்டைத் தலைக் கழுகு. கேடயத்தின் விளிம்பைச் சுற்றி அந்தப் பகுதியின் பழைய பேச்சு மொழியில் நான்கு வரிகள். சார்லமேனும் பல இளவரசர்களும் இந்த ஊருக்குத் தந்த சுதந்திரத்தை நான் உங்களுக்கு வெளிப்படுத்துகிறேன், அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்பது அவற்றின் சாரம். அவர் பார்வை எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். தேவாலயத்தை நோக்கி!

கிட்டே போய்ப் பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் தெரியும். இடுப்புப் பட்டையின் கொக்கியில் வீணை போன்ற லூட் கருவியை மீட்டும் சின்னத் தேவதை ஒன்று இருக்கிறது. முழங்கால்களில் கூர்முனைக் கவசங்கள். இரண்டு முழங்கால்களுக்கும் இடையே உள்ள தூரம் பழைய பிரேமன் முழம், அதாவது சுமார் 55 சென்டிமீட்டர் என்று ஊரார் சொல்வார்கள். துணி வாங்கியவர் வியாபாரி சரியாக அளந்தாரா என்று இங்கே வந்து சரிபார்த்துக்கொள்ளலாமாம். பாதங்களுக்கு நடுவே ஊனமுற்ற ஒரு மனிதனின் உருவம். எம்மா என்ற சீமாட்டி, ஒரு நாள் முழுக்க இவர் தவழ்ந்து சுற்றிவரும் அளவு நிலத்தை ஊருக்குத் தருவதாகச் சொன்னார், அவரும் யாரும் எதிர்பாராத அளவு பெரிய மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வந்துவிட்டார் என்பது கதை. ரோலண்டுக்கு இன்று இருப்பது நகலான தலை. மூலத் தலை பிரேமனின் ஃபோக்க அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது.

இந்த இடத்தில் யோஹான் ஹேமலிங் என்ற மேயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நகர மன்றம் எழுந்த காலத்தில் ஊரை நடத்தியவர்களில் முக்கியமானவர். நகரத்தின் உரிமைகளுக்கு ஆதாரமாகப் பழைய பேரரசர்களின் ஆவணங்கள் சிலவற்றை அவர் காட்டினார். 1111இல் பேரரசர் ஐந்தாம் ஹென்றி கொடுத்ததாகச் சொல்லப்பட்டது அவற்றில் ஒன்று. மன்ற உறுப்பினர்கள் பொன்னும் உயர்ந்த ரோமத் தோலும் அணியலாம், ரோலண்டைப் பேரரசின் சின்னத்தால் அலங்கரிக்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. பின்னாளில் வரலாற்றாய்வாளர்கள் அதைப் பிரித்து ஆராய்ந்தபோது அது போலி என்று தெரிந்தது. கேட்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அக்காலத்தில் ஆயர்களும் மடங்களும்கூடத் தங்கள் உரிமைக்காகப் போலி ஆவணம் எழுதியிருக்கிறார்கள். கல்லில் ரோலண்ட், தோலில் போலிப் பட்டயம், பக்கத்திலேயே புதிய மன்றக் கட்டடம் என்று ஒரே கோரிக்கைக்காக எல்லாப் பக்கமும் வேலை நடந்திருக்கிறது.

கீழிருந்து மேலே

இனி கட்டடத்துக்கு வருவோம். 1405 தொடங்கி 1410 வாக்கில் கட்டிமுடித்தார்கள். வட ஜெர்மனியின் சமவெளியில் நல்ல கட்டடக் கல் கிடைப்பதில்லை. ஆகவே அந்தப் பகுதியின் வழக்கப்படி செங்கல்லிலேயே, கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணியில் எழுப்பினார்கள். தரைப்படம் மிக எளிது: 41.5 மீட்டர் நீளமும் 15.8 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு நீள்சதுரம். கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பெரிய கூடங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. பெரும்பாலான பழைய ஜெர்மன் நகர மன்றங்களின் அடிப்படை அமைப்பு இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அடியில் இருப்பது பாதாள அறை. ராட்ஸ்கெல்லர் என்று பெயர். கல்தூண்கள் தாங்கும் வளைவுக் கூரையின் கீழே நகர மன்றமே திராட்சை மது வைத்து விற்றது. ஆட்சி செய்கிறவர்கள் மதுக்கடை நடத்துவதா என்று ஆச்சரியப்பட வேண்டாம். ரைன் நதிப் பகுதியின் மதுவை ஊருக்குள் விற்கும் உரிமையை மன்றம் தன்னிடமே வைத்திருந்தது. அதில் வந்த வருமானம் நகரத்தின் கருவூலத்துக்கு நல்ல வரவு. இன்றும் அங்கே உணவகம் நடக்கிறது, ஜெர்மானிய மது வகைகள்தான் கிடைக்கும். உள்ளே ஒரு தனி அறையில் 1653ஆம் ஆண்டின் ரூடஸ்ஹைம் மது மரப்பீப்பாயில் இருக்கிறது. ஜெர்மனியில் பீப்பாயில் இருக்கும் மதுக்களில் இதுவே மிகப் பழையது. பக்கத்தில் இயேசுவின் சீடர்கள் பன்னிருவர் பெயரிலும் பன்னிரண்டு பீப்பாய்கள். பெரிய கூடத்தின் ஓரமாகக் கதவு போட்ட சிறு மர அறைகள் வரிசையாக உண்டு. வணிகர்கள் உட்கார்ந்து பேரம் பேசுவதற்கானவை. மூன்று பேராவது உள்ளே இருந்தால்தான் கதவைச் சாத்தலாம் என்பது பழைய வழக்கம்.

அதற்கு மேலே, தரைத்தளத்தில் கீழ்க்கூடம். ஓக் மரத் தூண்கள் வரிசையாக நின்று கூடத்தை மூன்று நீளப் பிரிவுகளாகப் பிரிக்கின்றன. அலங்காரம் குறைவு. இது ஊராருக்கான இடம். இங்கே சந்தை நடந்தது, நாடகங்கள்கூட நடந்தன. வணிகமும் ஆட்சியும் ஒரே கூரையின் கீழ் இருந்ததில் அவர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆண்டவர்களே வணிகர்கள்தானே. என்னைக் கேட்டால், மேலே உள்ள பகட்டான கூடத்தைவிட இந்தக் கீழ்க்கூடம்தான் 1405இல் கட்டியவர்களுக்கு மிக நெருக்கமான இடம். மரத்தூண்களும் உத்தரங்களும் அன்றைய கட்டட உணர்வை அப்படியே வைத்திருக்கின்றன.

முதல் தளத்தில் மேல்கூடம். 40 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மன்றம் கூடியது இங்கே. நீதிமன்றமும் இதுவே. அதனால்தான் சுவரில் 1532ஆம் ஆண்டின் பெரிய ஓவியத்தில் சாலமோன் அரசர் தீர்ப்பு வழங்குகிறார். ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் உரிமை கோரும் விவிலியக் கதை அது. தீர்ப்புச் சொல்கிறவர்கள் கண்ணெதிரே அந்த ஓவியம் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். கூரையின் ஓக் உத்தரங்களுக்கு இடையே பழைய பேரரசர்களின் முகங்கள் வட்டம் வட்டமாக வரையப்பட்டிருக்கின்றன.

அந்தக் கூரையிலிருந்து கப்பல்கள் தொங்குகின்றன. பாய்மரமும் கயிறும் பீரங்கியும் வைத்துச் செய்த மாதிரிக் கப்பல்கள். அந்தச் சின்னப் பீரங்கிகளில் மருந்து வைத்து விருந்தின்போது நிஜமாகவே வெடிக்க முடிந்ததாம். ஊரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று விருந்தாளி அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு. இன்னொரு சுவரில் ஒரு திமிங்கிலம் நீட்டிப் படுத்திருக்கிறது. 1669இல் அருகிலுள்ள ஆற்றில் வந்து ஒதுங்கிய திமிங்கிலத்தை ஆள்வைத்து வரையச் சொல்லி மாட்டிவைத்தார்கள். 1545 முதல் கடலோடிகளும் வணிகர்களும் சேர்ந்து நடத்திவரும் ஷாஃபர்மால்ட்சைட் என்ற விருந்து இன்று ஆண்டுதோறும் பிப்ரவரியில் இந்தக் கூடத்தில் நடக்கிறது. குளிர்காலம் முடிந்து கப்பல்கள் புறப்படும் முன் கொடுத்த விடைவிருந்தாகத் தொடங்கியது அது.

பழைய சிலைகளும் புதிய முகமும்

நாம் இன்று பார்க்கும் முகப்பு 1405இல் கட்டியது அல்ல. முதலில் அங்கே இருந்தது கண்டிப்பான கோதிக் முகப்பு: கூர்வளைவுச் சன்னல்கள், கூரை ஓரத்தில் கோட்டைபோலக் காவல் நடைபாதை, மூலைகளில் சிறு கோபுரங்கள். சண்டைக்குத் தயாராக நிற்கும் தோற்றம். இருநூறு ஆண்டு கழித்து அந்தப் பாணி பழசாகிப்போனது. ஊரில் பணம் கூடியிருந்தது. 1608 முதல் 1612 வரை, லூடர் ஃபான் பென்ட்ஹைம் என்ற கட்டடக் கலைஞர் சந்தையைப் பார்த்த தெற்கு முகத்தை முழுக்க மாற்றினார்.

அவர் செய்ததைக் கீழிருந்து பார்ப்போம். தரைத்தளத்தின் முன்னால் பதினொரு அரைவட்ட வளைவுகள் கொண்ட நடைமண்டபம். அதன் தலையில் கற்கைப்பிடிச் சுவரோடு ஒரு நீண்ட மாடம். அதற்கு மேலே வரிசையாக உயரமான நீள்சதுரச் சன்னல்கள். பதினொரு வளைவுகளில் நடு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் சுவரை முன்னே தள்ளி, கிட்டத்தட்ட முழுக்கக் கண்ணாடியாகத் தெரியும் பெரிய சன்னல்களைப் போட்டு, உச்சியில் படிப்படியாகக் குறுகும் உயரமான முக்கோண முகப்பை வைத்தார். அதன் இரண்டு பக்கமும் கூரையில் அதே வடிவத்தில் இரண்டு சிறிய முகப்புகள். நீளமாகப் படுத்திருந்த கட்டடத்துக்கு நடுவில் ஒரு நிமிர்வு வந்துவிட்டது.

இந்தப் பாணிக்கு வேசர் மறுமலர்ச்சி என்று பெயர். 16ஆம் நூற்றாண்டிலிருந்து, 1618இல் முப்பதாண்டுப் போர் தொடங்கும் காலம் வரை, வேசர் நதியை ஒட்டிய ஊர்களில் கோட்டைகளும் வணிகர் வீடுகளும் மன்றங்களும் இந்தப் பாணியில் எழுந்தன. இத்தாலியில் பிறந்த மறுமலர்ச்சிக் கலை நெதர்லாந்து வழியாக இங்கே வந்து, உள்ளூர்க் கைவண்ணத்தோடு கலந்தது. சுருள் சுருளான விளிம்புகள், கூர்நுனித் தூண்கள், ஓர் அங்குலம்கூட விடாமல் செதுக்கல். பிரேமன் சிற்பிகளுக்கு மாதிரியாக இருந்தவை நெதர்லாந்தில் அச்சான செதுக்குப் படங்கள். ஊரார் அப்போது நெதர்லாந்துக்காரர்களைப் போலவே புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவான கால்வினியச் சபையைப் பின்பற்றியதால், போக்குவரத்தும் நெருக்கம்.

கல்லும் பக்கத்து ஊரில் கிடைத்தது அல்ல. வேசர் நதியின் மேற்பகுதியில் ஓபர்ன்கிர்ஷன் என்ற இடத்தில் வெட்டிய மணற்கல், நதி வழியாக வந்தது. பிரேமன் வணிகர்கள் இதே கல்லைக் கப்பலேற்றி வெளிநாடுகளுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் அதைப் பிரேமன் கல் என்றே அழைத்தார்கள். தாங்கள் விற்கும் சரக்கையே தங்கள் மன்றத்தின் முகத்தில் பதித்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

வளைவுகளின் மேற்பகுதியில் கண்ணை ஓடவிடுங்கள். கடல் கன்னியரும் விசித்திர மீன்களும் நீந்தும் நீண்ட பட்டை ஒன்று தெரியும். ஒரு வளைவின் மேல் ஒரு பெண் கோழியையும் குஞ்சுகளையும் வைத்திருப்பாள். எங்கே குடியேறுவது என்று தெரியாமல் நதியில் வந்துகொண்டிருந்த மக்கள், ஒரு கோழி தன் குஞ்சுகளோடு கரையின் மணல்மேட்டில் ஒதுங்குவதைக் கண்டு, அதுதான் பாதுகாப்பான இடம் என்று இறங்கிவிட்டார்கள், அப்படித்தான் பிரேமன் உண்டானது என்று ஊர்க்கதை. ஊரை நிறுவியது ஓர் ஆயரோ பேரரசரோ அல்ல, ஒரு கோழி காட்டிய இடத்தில் இறங்கிய சாதாரண மக்கள் என்று நகர மன்றத்தின் முகப்பிலேயே செதுக்கிவைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது சன்னல்களுக்கு இடையே பாருங்கள். ஆளுயரத்தைத் தாண்டிய எட்டுச் சிலைகள். ஒருவர் பேரரசர். மற்ற ஏழு பேர், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற கோமான்கள். மைன்ஸ், கொலோன், டிரியர் ஆகிய மூன்று பேராயர்கள். பொஹீமிய அரசர். பலடினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள். பேரரசின் உச்ச அதிகாரம் அத்தனையும் ஒரு வணிக நகரத்தின் சுவரில் வரிசையாக நிற்கிறது. அந்த ஏழு பேரில் பிரேமன் பேராயர் இல்லை. தேவாலயத்திலிருந்து வெளியே வந்தால் அவர் கண்ணில் இந்த வரிசை பட்டிருக்கும். எங்களுக்கு மேலே இருப்பவர் பேரரசர், நடுவில் வேறு யாரும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்தச் சிலைகள் 1405ஆம் ஆண்டு கட்டடத்தின் காலத்தவை. முகப்பை முழுக்க மாற்றிய பென்ட்ஹைம் இவற்றை மட்டும் தூக்கிப் போடவில்லை. புதிய பாணியில் செய்த சன்னல்களுக்கு நடுவே பழைய கோதிக் சிலைகளைத் திரும்ப வைத்தார். பாணி மாறலாம், ஆனால் கோரிக்கை மாறக் கூடாது. 1612இல்கூட அந்த வழக்கு முடிந்திருக்கவில்லை. கட்டடத்தின் குறுகிய இரண்டு பக்கங்களில் பழைய செங்கல்லையும் கோதிக் கூர்வளைவுகளையும் இன்றும் பார்க்கலாம். முன்புறம் 1612, பக்கவாட்டில் 1410 என்று ஒரே கட்டடத்தில் இரண்டு காலம். மூலச் சிலைகளை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போய்விட்டு இப்போது நகல்களை வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் 1646இல் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் லின்ஸ் நகரில் கையெழுத்திட்ட பட்டயம், பிரேமனைப் பேரரசின் சுதந்திர நகரம் என்று ஏற்றுக்கொண்டது. ரோலண்டைக் கல்லில் நிறுத்தி இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு! அதற்கப்புறமும் பேராயரின் நிலங்களைப் பெற்ற ஸ்வீடன் இதை ஏற்க மறுத்து ஊரோடு போரிட்டது. 1666இல்தான் ஓரளவு அமைதி வந்தது.

பொன் அறை

முகப்பின் நடுவே முன்னே தள்ளிவரும் பகுதிக்குள், மேல்கூடத்தின் உள்ளேயே, இரண்டு அடுக்காக ஒரு சின்ன அறை கட்டியிருக்கிறார்கள். மன்ற உறுப்பினர்கள் தனியாகப் பேசுவதற்கான இடம். வெளிப்புறம் முழுக்க மரச் செதுக்கல், மேலே போகச் சுழல் படிக்கட்டு. பதினேழாம் நூற்றாண்டில் அதன் சுவர்களில் பொன்பூசிய தோல் ஒட்டியிருந்ததால் பொன் அறை என்று பெயர் வந்தது. பிறகு அந்தத் தோல் போய்விட்டது. 1905இல் ஹைன்ரிஷ் ஃபோகலர் என்ற ஓவியர் உள்ளே எல்லாவற்றையும் புதிதாக வடிவமைத்தார். சுவர்த்தோல், விளக்கு, கணப்பு, கதவுக் கைப்பிடிவரை அவர் கைவண்ணம். அப்போது புதிதாக வந்திருந்த, கொடியும் மலரும் பறவையுமாக வளைந்து நெளியும் பாணி. பணக்காரர்களின் பொன் அறையைச் செய்த அதே ஃபோகலர் பின்னாளில் பொதுவுடைமைவாதியாகி சோவியத் ஒன்றியத்துக்குப் போனார். 1942இல் கஜகஸ்தானில் வறுமையில் இறந்தார்.

பேராயரின் இடத்தில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிர்வாகத்துக்குப் பழைய கட்டடம் போதவில்லை. பின்புறம் ஒட்டியபடி 1909 முதல் 1913 வரை புதிய நகர மன்றம் எழுந்தது. கட்டியவர் மியூனிக் நகரின் காப்ரியேல் ஃபான் சைடல். அளவில் பழையதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் சந்தையிலிருந்து பார்க்கும்போது அது தன்னை முன்னே தள்ளிக்கொள்வதே இல்லை. சிவந்த செங்கல்லும், அளவோடு அலங்காரமுமாகப் பழைய கட்டடத்துக்குப் பின்னணியாக நிற்கிறது. பழைய கட்டடத்தோடு புதியதைச் சேர்க்கும் எவரும் சைடலிடம் இந்த அடக்கத்தைக் கற்க வேண்டும்.

புதிய மன்றம் நிற்கும் இடம் முன்பு பேராயரின் மாளிகை இருந்த இடம். 1803வரை தேவாலய வளாகம் நகரத்துக்குச் சொந்தமாகவில்லை. பேராயருக்குப் பின் ஸ்வீடன், அதன்பின் ஹனோவர் என்று கைமாறி, கடைசியில் பிரேமனிடம் வந்தது. சில ஆண்டுகளில் மாளிகையை அகற்றி நகர அலுவலகம் கட்டினார்கள். அதையும் இடித்துத்தான் சைடலின் கட்டடம் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரேமன் கடுமையாகக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பழைய ஊரின் பெரும்பகுதி நாசமானது. நகர மன்றத்தின் முகப்பையும் ரோலண்டையும் சுவர் எழுப்பி மூடிவைத்திருந்தார்கள். கட்டடம் சிறு சேதங்களோடு தப்பியது. மற்ற ஊர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. முப்பதாண்டுப் போரை முடித்த 1648இன் வெஸ்ட்ஃபாலிய அமைதியோடு தொடர்புடைய முன்ஸ்டர் நகர மன்றம் 1944இல் அழிந்து, போருக்குப் பின் திரும்பக் கட்டப்பட்டது. எலியாஸ் ஹோல் 1615இல் தொடங்கி 1620இல் முடித்த ஆக்ஸ்பர்க் நகர மன்றமும் அதே 1944இல் எரிந்தது. அதன் பொற்கூடத்தை மறுபடி பார்க்க மக்கள் 1985வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வேறு ஊர்களுக்குப் போகும்போது, பிரேமனில் பார்த்ததை அங்கே தேடிப் பாருங்கள். மிஷெல்ஷ்டாட்டில் 1484ஆம் ஆண்டின் சின்ன மரச்சட்ட மன்றம் ஓக் தூண்கள்மேல் நிற்கிறது. அடியில் திறந்த சந்தைக்கூடம், மேலே மன்றம்: நாம் பார்த்த அதே அடுக்கு, சிற்றூர் அளவில். ல்யூபெக்கில் கூரைக்கு மேலே ஓங்கி நிற்கும் செங்கல் சுவருக்குப் பின்னால் அறையே கிடையாது. காற்று சுவரைச் சாய்த்துவிடாமல் இருக்கப் பெரிய வட்ட ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். முழுக்க முழுக்கத் தோற்றத்துக்காக எழுப்பியது. ஆக்ஸ்பர்க்கில் உச்சி முகப்பில் இரட்டைத் தலைக் கழுகு. அது யாருக்குக் கட்டுப்பட்ட ஊர் என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பிரேமனுக்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலானவர்கள் கட்டடத்தின் மேற்குப் பக்கம் இருக்கும், பிரேமன் இசைக்கலைஞர்கள் என்ற கதையில் வரும் கழுதை, நாய், பூனை, சேவல் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கெர்ஹார்ட் மார்க்ஸ் செய்து, 1953இல் நிறுவப்பட்ட அழகான சிலைதான். ஆனால் முதலில் ரோலண்டின் பக்கத்தில் நின்று அவர் பார்க்கும் திசையைப் பாருங்கள். பிறகு திரும்பி, எட்டுச் சிலைகளையும் கோழியையும் கண்டுபிடியுங்கள். மேல்கூடத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். சில நாட்களில் அதுவும் கிடையாது. பிரேமன் இன்று ஜெர்மனியின் பதினாறு மாநிலங்களில் ஒன்று. அதன் மேயரும் அமைச்சரவையும் இந்த வளாகத்தில்தான் அலுவல் பார்க்கிறார்கள். அரசு விருந்தோ கூட்டமோ இருக்கும் நாளில் பார்வையாளர்களுக்குக் கதவு திறக்காது. போகும் முன் நாளை விசாரித்துக்கொள்வது நல்லது.